கைமாறிய தளவாடங்கள்: மந்தின் வட்டாரத் தோட்டத் தமிழரின் இல்ல அலங்கார வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் குடிபெயர்வு, கூலி, தொழிற்சங்கம், கல்வி, கோயில், அரசியல் ஆகியவற்றையே ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். கெர்னியல் சிங் சாந்து 1969-இலும் சி. அரசரத்தினம் 1970-இலும் வெளியிட்ட நூல்கள் இத்துறைக்கு அடித்தளம் இட்டன. ஆர். கே. ஜெயின் 1970-இல் வெளியிட்ட மானிடவியல் நூல், ரப்பர்த் தோட்டத்தின் படிநிலைச் சமுதாயத்தை உள்ளிருந்து காட்டியது. எனினும், தோட்டத் தமிழர் தம் வீட்டின் உட்புறத்தை எவ்வாறு அமைத்துக்கொண்டனர், எந்தப் பொருளை எங்கிருந்து பெற்றனர், எதனை அழகு எனக் கருதினர் என்னும் வினாக்கள் உரிய கவனத்தைப் பெறவில்லை. வீட்டுப் பொருள்கள் சிறியவை, அன்றாடம் புழங்குபவை, எழுத்துச் சான்று இல்லாதவை. இவையே அக்குறைக்குக் காரணங்களாகலாம்.

இக்கட்டுரை, நெகிரி செம்பிலான் மாநிலத்து மந்தின் வட்டாரத்தை மையமாகக் கொண்டு அவ்வினாக்களுக்கு விடைகாண முயல்கிறது. தோட்டத் தமிழரின் இல்ல அலங்கார உணர்வு இரண்டு ஊற்றுகளிலிருந்து வளர்ந்தது என்பது நம் கருத்தாகும். ஒன்று, பிறர் பயன்படுத்திக் கைமாறி வந்த தளவாடங்கள். மற்றொன்று, விருந்தினரை வரவேற்பதற்கென்றே அமைந்த இடங்களான துரை பங்களா, அரசு ஓய்வு இல்லம், காப்பிக்கடை, நகரத்து விடுதி ஆகியவற்றின் உட்புறத் தோற்றம். இவ்விரண்டும் எவ்வாறு லயத்து வீட்டை அடைந்தன, அங்கு என்ன மாற்றம் பெற்றன, இன்று அப்பொருள்கள் எங்கே செல்கின்றன என்பவற்றை முறையே காண்போம்.

மந்தினும் சுற்றுவட்டாரமும்

மந்தின், சிரம்பான் மாவட்டத்தில் செத்துல் முக்கிமில் அமைந்த சிற்றூர். சிரம்பானிலிருந்து செமினி, காஜாங் வழியாகக் கோலாலம்பூர் செல்லும் பழைய கூட்டரசு நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்தே செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கத் தொழிலுக்காக ஹக்கா சீனர் இங்குக் குடியேறினர். அதனையடுத்து ரப்பர் பயிர் வந்தது. மலாயாவில் ரப்பர் பயிரிட்ட முன்னோடிகளுள் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் மந்தினுக்கு வடக்கேயுள்ள காஜாங்கிலும், டான் சாய் யான் 1896-இல் மலாக்காவிலும் தொழிலைத் தொடங்கினர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நீலாய், பத்தாங் பெனார், லாபு, பாஜாம் ஆகிய பகுதிகள் எங்கும் தோட்டங்கள் பரவின. கோலாலம்பூரையும் சிரம்பானையும் இணைத்த இரயில்பாதை நீலாய், பத்தாங் பெனார், லாபு வழியாகச் சென்றமை இப்பரவலுக்குத் துணை செய்தது.

இத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் முறை தமிழகத்துச் சிற்றூர்களை நேரடியாகத் தொட்டது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. 1938-இல் இந்திய அரசு உதவி பெற்ற குடிபெயர்வைத் தடை செய்யும்வரை அந்நிலை தொடர்ந்தது. கப்பலேறி வந்தவர் கொணர்ந்தவை மிகச் சில: ஒரு தகரப் பெட்டி, பாய், செம்பு, இரண்டொரு துணி. கட்டிலோ மேசையோ கடல் கடந்து வரவில்லை. ஆதலின் தோட்டத் தமிழரின் வீட்டுப் பொருள் வரலாறு ஏறத்தாழ வெற்றறையிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

சொற்கள் தரும் சான்று

எழுத்துச் சான்று குறைந்த இடத்தில் சொற்கள் நமக்குத் துணை புரிகின்றன. தமிழரும் மலாய்க்காரரும் வீட்டுப் பொருள்களுக்கு வழங்கும் பெயர்களுள் சில ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் மேசை, அலமாரி, சன்னல், சாவி என்பவை போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை. மலாயில் மேஜா, அல்மாரி, ஜெண்டேலா என்பவையும் அம்மொழியிலிருந்து வந்தவையே. பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலும் மலாக்காவிலும் ஒரே ஐரோப்பியரின் வாணிகம் நடந்ததை இச்சொற்கள் நினைவூட்டுகின்றன.

ஏலம் என்னும் சொல்லையும் ஈண்டு நோக்குதல் தகும். தமிழ்ப் பேரகராதி இச்சொல்லைப் போர்ச்சுகீசியத்தின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்ததாகக் கொள்ளும். மலாயில் வழங்கும் 'லேலோங்' என்பதும் அதே சொல்லின் திரிபு. மலேசியத் தமிழர் பேச்சில் 'ஏலம்', 'லேலோங்' இரண்டும் அருகருகே வழங்குகின்றன. ஒரே மூலச்சொல் இரு வேறு கடல்வழிகளில் வந்து ஒரே தோட்டத்தில் சந்தித்துள்ளது.

மறுதலையாக, தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்களும் உள்ளன. கட்டில் 'காத்தில்' எனவும், பெட்டி 'பெத்தி' எனவும், கடை 'கெடாய்' எனவும் மலாயில் வழங்குகின்றன. கட்டில் என்னும் சொல் சங்க இலக்கியத்தில் அரசுகட்டில், முரசுகட்டில் எனப் பெருமைக்குரிய இருக்கையைக் குறித்தது. நெடுநல்வாடை அரசியின் தந்தக் கட்டிலை விரிவாக வருணிக்கிறது. உட்காரும் பொருளும் படுக்கும் பொருளும் மனிதனின் தகுதியைக் காட்டும் என்னும் கருத்து தமிழுக்குப் புதியதன்று. அப்பெருமை மிக்க சொல்லை மொழியில் கொண்டிருந்தோர், லயத்து அறையில் பாய் விரித்துத் தரையில் படுத்தனர். இம்முரண் நம் ஆய்வுக்கு அடிப்படையானது.

லயத்து வீட்டின் உட்புறம்

தொடக்கக் கால லயம் என்பது நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளின் தொகுதி. அத்தாப்பு ஓலைக் கூரை பின்னர்த் தகரமாயிற்று. ஒரு குடும்பத்திற்குப் பத்தடி, பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறையும், முன்புறம் அஞ்சடி எனப்படும் தாழ்வாரமும், பின்புறம் அடுப்படியும் அமைந்தன. தமிழகத்து வீட்டில் திண்ணை ஆற்றிய பணியை இந்த அஞ்சடி ஏற்றது. வழிப்போக்கர் அமர்வதும் உறவினர் பேசுவதும் அங்கேதான். விருந்தோம்பலைத் தனி அதிகாரமாகக் கொண்ட திருக்குறளைப் படித்து வளர்ந்த சமுதாயத்திற்கு, வந்தவரை அமரவைக்கும் இடமே வீட்டின் முகமாக இருந்தது. ஆதலால் தோட்டத்து வீட்டில் முதன்முதலாக அலங்காரம் பெற்றது அஞ்சடியும் அதனையடுத்த முன்னறையுமாகும்.

விலைகொடுத்துப் பொருள் வாங்க இயலாத நிலையில், தொழிலாளர் பிற பயனுக்கு வந்த பொருள்களைத் தளவாடமாக்கினர். ரப்பர்த் தகடுகளை அனுப்பப் பயன்பட்ட ஒட்டுப்பலகைப் பெட்டி, மண்ணெண்ணெய்த் தகரம் வந்த மரப்பெட்டி, கெட்டிப்பால் டின் அடுக்கிய பெட்டி ஆகியவை முக்காலியாகவும் துணி வைக்கும் அலமாரியாகவும் உருமாறின. கோதுமை மாவுப் பையின் துணி வெளுக்கப்பட்டுத் திரையாயிற்று. பலகைச் சுவரின் இடுக்குகளை அடைக்கத் தமிழ் நாளிதழ்த் தாள்கள் ஒட்டப்பட்டன. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' போன்ற இதழ்கள் படித்து முடிந்தபின் சுவரிலும் நெடுநாள் வாழ்ந்தன.

சுவரில் தெய்வப் படம் மாட்டும் வழக்கத்திற்கும் வரலாறு உண்டு. இரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கப்பட்டபின் இலக்குமி, சரசுவதி படங்கள் எளியோர் வீட்டையும் எட்டின. பின்னர்ச் சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள் வணிகர் வழியாகத் தோட்டங்களை அடைந்தன. ஆண்டு முடிந்ததும் நாட்காட்டித் தாள் கிழிக்கப்பட்டுப் படம் மட்டும் சட்டமிடப்பட்டது. ஒரு பொருளின் முதற்பயன் முடிந்தபின் அதற்கு இரண்டாம் வாழ்வு தருவது இவ்வீடுகளின் இயல்பான நெறியாக இருந்ததை இவை காட்டுகின்றன.

பங்களாவும் ஓய்வு இல்லமும்

தோட்டத்தின் மேட்டுநிலத்தில் துரை பங்களா அமைந்தது. அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை, மூங்கில் தட்டி, பிரம்பு நாற்காலிகள், கால் நீட்டுவதற்கு நீண்ட கைப்பலகை கொண்ட சாய்வு நாற்காலி, வெள்ளை விரிப்பிட்ட உணவு மேசை ஆகியவை அதன் உட்புறத்தை அமைத்தன. எறும்பு ஏறாதிருக்க நான்கு கால்களும் நீர்க் கிண்ணத்தில் நிற்கும் வலை அலமாரி சமையற்கட்டில் இருந்தது. சிங்கப்பூரின் ஜான் லிட்டில் (1845), ராபின்சன் (1858) போன்ற நிறுவனங்கள் ஐரோப்பியரின் வீட்டுத் தேவைகளை நிறைவு செய்தன. பிரம்புப் பொருள்களையும் மரப்பொருள்களையும் சிரம்பான், கோலாலம்பூர் நகரங்களின் சீனத் தச்சர் செய்தளித்தனர்.

அரசு ஓய்வு இல்லமும் இதே பாணியைப் பின்பற்றியது. பயணம் செய்யும் அலுவலர் தங்குவதற்கென மாவட்டந்தோறும் அமைந்த இவ்வில்லங்கள் சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் இருந்தன. பெருநகர்களில் இதன் பெரிய வடிவங்களாகப் பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் (1885), சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் (1887), கோலாலம்பூரின் மெஜஸ்டிக் (1932) ஆகிய விடுதிகள் எழுந்தன. தோட்டத் தொழிலாளி அவ்விடங்களில் விருந்தினனாக நுழைய வழியில்லை. ஆனால் பணியாளராக நுழைந்தோர் இருந்தனர். பங்களாவின் சமையலறையைப் பெரும்பாலும் ஹைனான் சீனர் ஏற்க, தோட்ட வேலை, காவல், துணி வெளுத்தல், குழந்தை பார்த்தல் முதலியவற்றில் தமிழர் பலர் ஈடுபட்டனர்.

இப்பணியாளரே இரண்டு உலகங்களுக்கும் இடையே பாலமாயினர் என்பது நம் துணிபு. பிரம்பு நாற்காலியைத் துடைத்தவர் அதன் பின்னலை அறிந்தார். மேசை விரிப்பை வெளுத்தவர் அதன் ஓரப் பூவேலையை அறிந்தார். பூச்சாடி எந்த மூலையில் நிற்கும், திரை எவ்வளவு உயரத்தில் தொங்கும், சாப்பாட்டு அறைக்கும் வரவேற்பறைக்கும் இடையே எத்தனை அடி விடப்படும் என்பவற்றை அவர்கள் கையால் கற்றனர். அவ்வறிவு லயத்து வீட்டின் முன்னறைக்கு வந்தபோது, அதற்கேற்ற பொருள்களும் சிறிது சிறிதாக வந்து சேர்ந்தன.

ஏலமும் கைமாற்றமும்

அப்பொருள்கள் எவ்வாறு வந்தன? முதல் வழி ஏலம். ஐரோப்பிய அலுவலரும் தோட்ட நிருவாகியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுப்பில் தாயகம் செல்வர் அல்லது வேறு தோட்டத்திற்கு மாற்றலாவர். அப்போது வீட்டுப் பொருள்களை ஏலமிட்டுச் செல்வது காலனித்துவ நாடுகளில் பரவலாக இருந்த வழக்கம். அக்கால ஆங்கில நாளிதழ்களில் இத்தகைய ஏல அறிவிப்புகள் தொடர்ந்து வெளிவந்தன. ஏலத்தில் எடுக்க வல்லவர் கடைக்காரர், கிராணி, அரசு எழுத்தர் முதலியோர். தொழிலாளிக்கு அது எட்டாதது.

இரண்டாம் வழி, படிப்படியான கைமாற்றம். தோட்டத்தின் அதிகாரப் படிநிலையைத் தளவாடமும் ஒத்துச் சென்றது. பங்களாவில் பழசானது கிராணி குவாட்டர்சுக்கு வந்தது. யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளியரும் பலராக இருந்த அவ்வலுவலர் வீடுகளில் சில ஆண்டுகள் புழங்கியபின் அது மண்டோர், கங்காணி வீட்டை அடைந்தது. அங்கிருந்து, கால் ஒன்று மாற்றப்பட்டோ பிரம்புக்குப் பதில் பலகை அடிக்கப்பட்டோ, லயத்திற்கு வந்தது. ஒரு நாற்காலி மேட்டிலிருந்து பள்ளத்திற்கு வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அதன் பின்னலும் வண்ணமும் பலமுறை மாறியிருக்கும்.

மூன்றாம் வழி, வரலாற்றின் பெருநிகழ்வுகள். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை கோலாலம்பூரையும் சிரம்பானையும் கைப்பற்றியபோது ஐரோப்பிய நிருவாகிகள் வெளியேறிவிட்டனர். பங்களாக்கள் ஆளின்றிக் கிடந்தன. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டு உரிமையாளர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இச்சிக்கலைப் பற்றி உங்கு அசிஸ் தலைமையில் உருவான அறிக்கை 1963-இல் வெளிவந்தது. இதற்கு எதிர்வினையாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் துண்டானபோது பங்களாவும் அதன் பொருள்களும் சிதறின. பல குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்த அதே வேளையில்தான் மேசையும் அலமாரியும் மலிவாகக் கிடைத்தன என்பதை மறத்தல் கூடாது.

1969-க்குப்பின் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அதனால் ஏறத்தாழ 60,000 இந்தியர் தாயகம் திரும்பினர் எனக் கணக்கிடப்படுகிறது. 1926 முதல் 1973 வரை இயங்கிய 'ரஜூலா' கப்பலில் பெட்டிபடுக்கையைக் கொண்டு செல்லலாம். அலமாரியைக் கொண்டு செல்வது அரிது. பிரிந்து சென்றோரின் தளவாடம் அண்டை வீட்டாரிடம் தங்கியது. ஆகவே லயத்து வீட்டின் பழைய அலமாரி சில வேளைகளில் ஓர் உறவின் முடிவையும் குறிப்பதாகும்.

காப்பிக்கடை நாற்காலி

பங்களாவுக்கு அடுத்து, தோட்டத் தமிழர் கண்ட விருந்தோம்பும் இடம் சிற்றூர்க் காப்பிக்கடை. சம்பள நாளில் மந்தின், நீலாய் கடைத்தெருக்களுக்கு வந்தோர் அமர்ந்தது பளிங்கு மேற்பலகை கொண்ட வட்ட மேசையையும் வளைமர நாற்காலியையும் சூழ்ந்தே. இந்நாற்காலியின் கதை உலகளாவியது. மைக்கேல் தோனெட் என்பவர் பீச் மரத்தை நீராவியில் வளைத்துச் செய்த 14ஆம் எண் நாற்காலி 1859-இல் வெளிவந்தது. ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள் ஆகியவற்றால் ஆனது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். 1869-இல் காப்புரிமை முடிந்தபின் பிற நிறுவனங்களும் அதனைச் செய்தன. வியன்னாவின் காப்பிக்கடைகளுக்கெனப் பெயர் பெற்ற அப்பொருள் கப்பல்வழி மலாயாவின் ஹைனான் காப்பிக்கடைகளை வந்தடைந்தது.

இதன் சிறப்பு யாதெனில், எடை குறைவு, விலை மலிவு, பழுதுபார்த்தல் எளிது. கடை மூடப்படும்போதோ புதுப்பிக்கப்படும்போதோ இந்நாற்காலிகள் ஒன்றிரண்டாக வீடுகளுக்குச் சென்றன. பங்களாவின் கனத்த நாற்காலியைவிட லயத்தின் சிறிய அறைக்கு இதுவே பொருந்தியது. தோட்டத்து வீட்டில் முதன்முதலாக இடம்பெற்ற 'வாங்கிய' நாற்காலி பல இடங்களில் இவ்வளைமர நாற்காலியாகவே இருந்திருத்தல் கூடும்.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கது செட்டியார் கிட்டங்கி. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் பினாங்கிலும் இயங்கிய கிட்டங்கிகளில் நாற்காலிக்கு இடமில்லை. பாயில் அமர்ந்து, சாய்வான மேசைப் பெட்டியின்மீது கணக்கு எழுதினர். இரும்புப் பெட்டகமே கனத்த பொருள். தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய செல்வர் தரையில் அமர்ந்திருக்க, கூலி பெற்றோர் நாற்காலிக்கு ஏங்கினர். செல்வம் உடையோருக்குத் தரையில் அமர்வது மரபு. அது விருப்பால் வந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ தரையில் அமர்வது பிறரால் விதிக்கப்பட்ட நிலை. இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் நாற்காலியின் மதிப்பு விளங்கும்.

போலச்செய்தலா, உரிமையா?

பங்களாவின் பொருளைத் தன் வீட்டில் வைத்தவர் துரையைப் போலச் செய்தார் என்று கூறுவது எளிது. மேல்தட்டினரின் நுகர்வைக் கீழ்த்தட்டினர் பின்பற்றுவர் என்னும் கருத்தைத் தோர்ஸ்டைன் வெப்லென் 1899-லேயே முன்வைத்தார். ஆனால் மலாயாத் தோட்டச் சூழலில் அவ்விளக்கம் முழுமையாகப் பொருந்துவதில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. துரையோ அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அக்கோரிக்கை. கூலி உயர்வு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றோடு ஒருங்கு வைக்கப்பட்டது அது. வண்டியில் அமர்ந்திருப்பதே குற்றமாகக் கருதப்பட்ட இடத்தில், நாற்காலியில் அமர்வதும் பொருளற்ற செயலாக இருந்திருக்க இயலாது. 1929-30-இல் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றபின் வேரூன்றிய தன்மதிப்புக் கருத்துகள், சாதியால் இருக்கை பிரிக்கப்படுவதையும் கேள்விக்குள்ளாக்கின. அஞ்சடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, வந்தவர் எவராயினும் அமரச் சொல்வது அச்சூழலில் ஒரு நிலைப்பாடு.

மேலும், பொருள்கள் அப்படியே ஏற்கப்படவில்லை. தமிழ் வாழ்க்கைக்கேற்ப மாற்றப்பட்டன. துரை மதுவருந்திச் சாய்ந்த நீள்கை நாற்காலி, தாத்தாவின் பகல் ஓய்வுக்கும் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வதற்கும் உரியதாயிற்று. இறைச்சியைக் காக்கச் செய்த வலை அலமாரி தயிரும் குழம்பும் வைக்குமிடமாகி, சில வீடுகளில் மரக்கறி நாள்களில் துடைத்துத் தூய்மை செய்யப்பட்டது. கண்ணாடி பொருத்திய ஒப்பனை மேசை சாமி மேடையாயிற்று. உணவு மேசை, பிள்ளைகள் பாடம் எழுதும் மேசையாகவும் தையல் இயந்திரம் நிற்கும் இடமாகவும் ஆயிற்று. தேர்வும் மாற்றமும் இருந்த இடத்தில் வெறும் போலச்செய்தல் என்னும் சொல் போதாது.

தோட்டத்திலிருந்து குடியிருப்புக்கு

1966-இல் தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டமும், அதற்கு மாற்றாக 1990-இல் வீடமைப்பு, வசதிகள் இரண்டையும் உள்ளடக்கிய 446ஆம் சட்டமும் வந்தன. தனி வீடுகள், மின்சாரம், குழாய்நீர் முதலியவை தோட்டங்களை எட்டத் தொடங்கின. முன்னறை 'ஹால்' ஆயிற்று. தொலைக்காட்சியும் கண்ணாடி அலமாரியும் அதன் மையத்திற்கு வந்தன. பீங்கான் கோப்பைகள், பொம்மைகள், பள்ளிப் பரிசுக் கிண்ணங்கள் ஆகியவற்றை அடுக்கிய அக்கண்ணாடி அலமாரி, ஓய்வு இல்லத்துப் பீங்கான் அலமாரியின் வழித்தோன்றல் எனலாம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு மலேசியாவில் பொது வழக்கமானபின், பல இனத்தவரும் வந்தமரும் இடமாக ஹால் மேலும் முதன்மை பெற்றது.

ஆனால் அதே காலத்தில் தோட்டங்களே மறையத் தொடங்கின. செப்பாங்கில் 1998-இல் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டதை ஒட்டி நீலாய், மந்தின் வட்டார நிலத்தின் மதிப்பு மாறியது. ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும், வீடமைப்புத் திட்டங்களாகவும், கல்லூரி வளாகங்களாகவும், தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டு மலிவுவிலை அடுக்கு வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் எதிர்கொண்ட முதற்சிக்கல் தளவாடமே. குறுகிய மாடிப்படியில் பெரிய அலமாரி ஏறாது. நீள்கை நாற்காலிக்கு அறையில் இடமில்லை. பழைய பொருள் வாங்குவோர் லாரியோடு வந்து, விறகின் விலைக்கு அவற்றை எடுத்துச் சென்றனர். புதிய வீட்டிற்குத் தவணைமுறையில் புதிய சோபா வந்தது. மந்தினுக்கு அருகிலுள்ள 'நீலாய் 3' மொத்த விற்பனை வளாகத்தில் திரைச்சீலையும் கம்பளமும் செயற்கைப் பூவும் மலிவாகக் கிடைப்பதால், இன்று சுற்றுவட்டாரமெங்கும் ஒரே தோற்றம் பரவியுள்ளது.

இங்கு வேறொரு செய்தியும் கூறற்பாலது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படும் ரப்பர் மரம் முன்பு விறகாகவே எரிந்தது. பூஞ்சையும் துளைப்பான் பூச்சியும் அதனை விரைவில் கெடுத்தன. போரான் சேர்மத்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்தபின் அது தளவாடத்திற்கு ஏற்ற மரமாயிற்று. 1980-களிலிருந்து மலேசியாவின் தளவாட ஏற்றுமதியில் பெரும்பகுதி இம்மரத்தாலேயே ஆகிறது. ஜொகூரின் மூவார் இத்தொழிலின் தலைநகராகக் கருதப்படுகிறது. நான்கு தலைமுறைத் தமிழர் சீவிய மரம் இன்று அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளின் உணவு மேசையாக நிற்கிறது. தோட்டத்து வீட்டில் ரப்பர் மர நாற்காலி பெரும்பாலும் இருந்ததில்லை. அது அடுப்பில்தான் இருந்தது.

மீண்டு வரும் பழமை

இப்போது பழைய தளவாடம் மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. 2000-க்குப்பின் பரவிய பழம்பாணிக் காப்பிக்கடைகள் வளைமர நாற்காலியையும் பளிங்கு மேசையையும் திட்டமிட்டு அமைக்கின்றன. தேசியக் கலைக்கூடமாகச் சில காலம் இயங்கிய மெஜஸ்டிக் கட்டடம் 2012-இல் மீண்டும் விடுதியாயிற்று. பழைய தோட்டத் தளவாடங்கள் விடுதிகளின் தாழ்வாரத்தை அணி செய்கின்றன. அவற்றைக் கண்டு, தம் வீட்டிலும் ஒரு வலை அலமாரியோ சாய்வு நாற்காலியோ வைக்க விரும்பும் இளையோர் பெருகுகின்றனர். அவர்களுள் தோட்டத்துப் பெற்றோரின் பிள்ளைகளும் உளர். பாட்டி வீட்டில் விறகு விலைக்குப் போன பொருளின் உடன்பிறப்பைப் பெயரன் பழம்பொருள் கடையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குகிறான்.

தமிழகத்துச் செட்டிநாட்டில் இத்தகைய மாற்றம் முன்னரே நிகழ்ந்தது. பர்மா, இலங்கை, மலாயா வாணிகத்தால் எழுந்த மாளிகைகள், உலகப் போருக்குப்பின் பராமரிப்பின்றித் தளர்ந்தன. பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் பிரிக்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வந்தன. எனினும் காரைக்குடியின் 'பங்களா', கானாடுகாத்தானின் 'விசாலம்' போன்றவை பழைய கட்டடங்களையே விருந்தினர் இல்லங்களாக்கின. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்று மீண்டும் எழுப்பப்பட்டது. சிங்கப்பூரில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு வாயிற்கதவு ஒன்று காட்சிக்கு உள்ளது. அக்கதவுக்கு ஊரும் குலமும் உண்டு. மலாயாத் தோட்டத்து நாற்காலிக்கோ எக்குறிப்பும் இல்லை. விடுதியின் தாழ்வாரத்தில் அது 'காலனித்துவப் பாணி' என்று மட்டும் அறியப்படுகிறது. அதன் பிரம்பைத் துடைத்தவரும், உடைந்த காலை மாற்றியவரும், அதில் அமரும் உரிமையைக் கேட்டவரும் அக்குறிப்பில் இடம்பெறவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளுக்கு நாம் வரலாம். தோட்டத் தமிழரின் இல்ல அலங்காரம் கடைத்தெருவிலிருந்து தொடங்கவில்லை, கைமாற்றத்திலிருந்து தொடங்கியது. அதன் முன்மாதிரிகள் விருந்தோம்பும் இடங்களாக இருந்தமைக்கு, வந்தவரை அமரவைக்கும் தமிழ் மரபும், அமரும் உரிமை மறுக்கப்பட்ட தோட்டச் சூழலும் ஒருங்கே காரணமாயின. ஏற்ற பொருள்களை அவர்கள் தம் தேவைக்கேற்ப மாற்றினர். ஆதலின் அப்பொருள்கள் தோட்டத் தமிழரின் வரலாற்று ஆவணங்களாகக் கருதப்படுதல் வேண்டும்.

தோட்ட வீடுகளில் வாழ்ந்த தலைமுறையினர் முதுமை எய்தியுள்ள இந்நாளில் சில பணிகள் உடனடியாகச் செய்யத்தக்கன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மாணவர் தம் வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டு எழுதும் பயிற்சியை வகுப்பில் மேற்கொள்ளலாம்: அது யாரிடமிருந்து வந்தது, முன்பு என்ன பயன், இப்போது என்ன பயன் என்னும் மூன்று வினாக்களே போதும். அஞ்சடி, லயம், வலை அலமாரி, லேலோங் போன்ற வட்டாரச் சொற்களை இடக்குறிப்புடன் தொகுத்தல் மொழியியல் மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பொருளாகும். பல்கலைக்கழகத் துறைகள் இப்பொருள்களின் ஒளிப்படங்களையும் வாய்மொழி வரலாற்றையும் சேர்த்து வைக்கலாம். பழம்பொருளால் அழகுபெறும் விடுதிகளும் உணவகங்களும் அப்பொருள் வந்த தோட்டத்தின் பெயரையேனும் அருகில் எழுதி வைக்குமாறு நாம் கேட்கலாம். மந்தின் போன்ற ஓர் வட்டாரத்தில் இப்பணி தொடங்கினால், பிற தோட்டப் பகுதிகளுக்கும் அது வழிகாட்டும்.